எங்கள் வாக்குமூலத்தை எங்கள் மொழியில் எழுதுங்கள்: பொலிஸ் மா அதிபருக்கு ஒரு திறந்த மடல்

பொலிஸ் மா அதிபர் அவர்களுக்கு,

மலையக நகரம் ஒன்றின் பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்திருந்த ஒரேயொரு சார்ஜன்ட் இவ்வருட ஆரம்பத்தில் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவருடைய இடத்துக்கு எவரும் வரவில்லை. அன்று முதல் அந்த நிலையத்தின் முறைப்பாட்டு மேசையில் தமிழருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: சிங்களம் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். அதையும் சிங்களத்தில்தான் சொல்கிறார்கள்.

நிலையத்தின் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும். மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும், மேசையில் இருந்த கான்ஸ்டபிள்களுக்கு ஏச்சு விழும், அடுத்த வாரமே எல்லாம் பழையபடி நடக்கும். அந்தக் கான்ஸ்டபிள்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தமிழ் தெரியாதவர்களைத் தமிழ் மக்கள் நடுவே உட்கார வைத்தது அவர்கள் அல்ல. யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் தலைமையகத்திடம்தான் என் கேள்வி.

நான் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. சிங்களம் எழுதவும் வாசிக்கவும் நன்றாகத் தெரியும். தெரிந்த குற்றத்துக்கு, சுற்றியுள்ள தோட்டங்களில் யாருக்குப் பொலிஸில் அலுவல் என்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு என்ட்ரி (பொலிஸ் பதிவு) போட வேண்டியவர்கள், வெளிநாட்டு வேலை என்று முகவரிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள், கட்டியிருந்த மாடு களவு போனவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து சத்தமே இல்லை என்று பதறும் தாய்மார். ஒரு நாள் பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து, பஸ் ஏறி நகரத்துக்கு வந்து, வாங்கில் மதியம் வரை காத்திருந்துவிட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். பாடசாலை விட்ட பிறகுதான் என்னால் போக முடியும். அதற்குள் மேசையில் இருந்தவர் கடமை முடிந்து போயிருப்பார். புதிதாக வந்தவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் இல்லாத வேளைகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் யார் தெரியுமா? நிலையத்துக்கு எதிரே நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதி. தேநீர்க் கடைப் பையன். வேறேதோ முறைப்பாட்டுக்காக வந்து காத்திருக்கும் ஒருவர். வேலித் தகராறு ஒன்றில் எதிராளியின் மைத்துனரே மொழிபெயர்த்துக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. அது எப்படிப் பதிவாகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை இளம் கான்ஸ்டபிள் ஒருவர் தன் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, ஒரு முதியவரின் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். தோட்டத்துப் பேச்சு அந்தச் செயலிக்குப் பிடிபடவில்லை. முதியவர் ஒவ்வொரு முறையும் இன்னும் சத்தமாகச் சொன்னார். அந்த இளைஞரின் நல்ல மனதுக்குக் குறையொன்றும் இல்லை. அவருக்குத் திணைக்களம் கொடுத்திருந்தது அந்த மனதை மட்டும்தான். செயலிகூட அவருடைய சொந்தக் கைபேசியில் இருந்தது.

இவற்றையெல்லாம் சகித்துக்கொண்டு நானும் பல காலம் சும்மா இருந்திருக்கக்கூடும். இனி இருக்க முடியாது என்றாக்கியது கீழே நான் சொல்லப்போகும் விடயம்.

என்னிடம் படித்த பெண் ஒருவர் இப்போது தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். கணவர் இரும்புக் கம்பியால் தாக்கியதில் முழங்கை வீங்கிய நிலையில் ஓர் இரவு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். கூடப் போனது மகள், நகரத்துச் சிங்களப் பாடசாலையில் எட்டாம் தரம் படிப்பவள். மேசையில் இருந்தவர் தாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பேனாவை எடுத்துக்கொண்டு மகளிடம் "நீ சொல்லு" என்றார்.

தன் தந்தை தன் தாய்க்குச் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தப் பிள்ளையின் வாய்க்கு வந்தது. தாய் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை எல்லாவற்றையும் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை சொல்லும்? அப்பா குடித்துவிட்டு வந்தார், சண்டை வந்தது, அம்மாவைத் தள்ளினார், அம்மா விழுந்துவிட்டார். அவ்வளவுதான் புத்தகத்தில் ஏறியது. இரும்புக் கம்பி ஏறவில்லை. முன்னரும் அடித்தது ஏறவில்லை. கொன்றுபோடுவேன் என்று மிரட்டியது ஏறவில்லை. பிள்ளையின் காதில் விழவே கூடாத இன்னொரு விடயத்தையும் தாய் அன்று வேறு வழியின்றி அவள் முன்னாலேயே சொன்னார். அதுவும் ஏறவில்லை, அதை நானும் இங்கே எழுதமாட்டேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். தள்ளியதாகவும் விழுந்ததாகவும் மட்டும் எழுதப்பட்ட ஒரு முறைப்பாட்டுக்கு யார் அப்படிக் கோரப் போகிறார்கள்? அந்தத் தாயே ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். அப்போதுதான் வாக்குமூலத்தின் பிரதி அவர் கைக்கு வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க என்னிடம் கொண்டுவந்தார்.

ஒன்றரைப் பக்கம், கையெழுத்துச் சிங்களம். கடைசியில் வழக்கமான வாசகம்: மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டி விளக்கப்பட்டன, சரியென ஏற்று ஒப்பமிடுகிறேன். அதன் கீழே அவருடைய கையொப்பம், தமிழில், முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதியபடி. வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். "காட்டினார்கள் டீச்சர், சிங்களத்தில்" என்றார்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தன் வேலையைத் திறமையாகவே செய்தார். பொலிஸில் இல்லாத இரும்புக் கம்பி நீதிமன்றத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டார். முதல் முறைப்பாட்டுக்கும் பிந்திய சாட்சியத்துக்கும் இடையிலுள்ள முரணைக் காட்டுவது அவருக்குள்ள உரிமை. வழக்கு நிலுவையில் இருப்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையல்ல. ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதலாம். தன்னால்தான் அம்மா நீதிமன்றத்தில் பொய்க்காரியாக நின்றார் என்று அவள் நம்புகிறாள். இல்லையென்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றியவர் தந்தை மட்டுமல்ல ஐயா, தங்கள் திணைக்களமும்தான்.

பாடசாலை ஆசிரியை ஒருத்தி உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டாள் என்று இம்மடலை ஒதுக்கிவிட வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைப் பாருங்கள். குற்றம் பற்றிய தகவலை ஒருவர் வாய்மொழியாகத் தந்தால், அது எந்த மொழியில் தரப்பட்டதோ அந்த மொழியிலேயே எழுதப்பட்டு, தந்தவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். உத்தியோகத்தருக்கு அம்மொழியில் எழுத முடியாவிட்டால், தான் விரும்பும் மொழியில் தானே எழுதித் தருமாறு தகவல் தருபவரைக் கேட்க வேண்டும். தன்னால் எழுத முடியாது என்று அவர் சொன்னால் மாத்திரமே வேறு மொழியில் பதியலாம். அப்போதும் அவரால் எழுத முடியவில்லை என்பதைக் குறித்து, பதிந்ததை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதாவது தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லாத நிலையத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சட்டம் அன்றே யோசித்து வைத்திருக்கிறது. அந்தத் தாய்க்குத் தமிழ் நன்றாக எழுத வரும். கற்றுக் கொடுத்தவள் நான். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து "அம்மா, நீங்களே எழுதுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும், பிள்ளையை வெளியே வாங்கில் உட்கார வைத்திருக்கலாம். நான் கூடப் போன எந்த முறையும் மேசையில் இருந்த எவரும் அப்படி ஒரு தாளை நீட்டியதில்லை. நானாக இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டபோது, "டீச்சர் இங்கே சட்டம் படிப்பிக்க வேண்டாம்" என்ற பதில் கிடைத்தது.

அரசியலமைப்புக்குப் போவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரசகரும மொழி. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தத்தின் பின், 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தருடன் தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழிலேயே பதில் பெறவும் உரித்துடையவர் என்கிறது. அந்த உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஒரு மாதத்துக்குள். கொழுந்து பறிப்பவர் ஒரு மாதத்துக்குள் கொழும்பில் சட்டத்தரணியைத் தேடி உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்வார் என்று எதிர்பார்ப்பவர்கள், அவர் அடையாள அட்டை தொலைந்த என்ட்ரிக்கே எத்தனை நாள் அலைகிறார் என்பதை வந்து பார்க்க வேண்டும்.

தங்கள் திணைக்களத்துக்கு உயிர் கொடுத்த சட்டம் இவை எல்லாவற்றையும் விடப் பழையது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் 56ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் எப்போதும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று தொடங்குகிறது. குற்றங்களைத் தடுப்பது, அமைதியைப் பேணுவது, குற்றவாளிகளைக் கண்டுபிடித்து நீதியின் முன் நிறுத்துவது, பொது அமைதியைப் பாதிக்கும் தகவல்களைத் திரட்டுவது என்று கடமைகள் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றில் எது, எதிரே நிற்பவர் சொல்வது விளங்காமல் நடக்கும்? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என மூன்று சமூகத்தையும் சேர்த்தால் நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பாதிக்கும் மேல். நால்வரில் ஒருவருடைய முறைப்பாட்டை நேரடியாகக் கேட்க முடியாத ஒரு படை, தேசத்தின் பொலிஸ் என்ற பெயரை எப்படித் தாங்கி நிற்கிறது?

முறைப்பாடு செய்பவருக்கே இந்த நிலை என்றால், சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு நாடறிந்த சாட்சியம் இருக்கிறது. மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993இல் கைது செய்யப்பட்டார். அவருக்கு எதிராக நின்றது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அவர் பேசியது தமிழ். தட்டச்சில் வந்தது சிங்களம். மொழிபெயர்த்தவரும் தட்டச்சுச் செய்தவரும் ஒரே கான்ஸ்டபிள். விளங்காததில் ஒப்பமிட மறுத்தபோது தன் பெருவிரல் அடையாளத்தைப் பலவந்தமாகப் பதித்தார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. இத்தகைய சூழ்நிலையில் பெறப்பட்ட வாக்குமூலத்தை மட்டுமே நம்பித் தீர்ப்பளித்ததில் நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கண்டது. அந்த வழக்குக்குப் பிறகும் எழுதுபவரையும் மொழிபெயர்ப்பவரையும் ஒருவராகவே வைத்திருக்கும் வழக்கம் நிலையங்களில் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் இன்று மொழிபெயர்க்க அந்த ஒரு கான்ஸ்டபிளும் இல்லை.

இது அரசாங்கத்துக்குத் தெரியாத குறையும் அல்ல. அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் கையளித்த அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணிநேரமும் இருமொழி உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமை பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

ஆளணி போதாது என்ற பதில் வரும் என்பதால் அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேரும் எவரும் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை விதித்தது. பொலிஸ் சேவை மட்டும் அதற்குப் புறம்பானது என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ் இளைஞர்கள் சேர்வதில்லை என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். எங்கள் பாடசாலை அறிவித்தல் பலகையில் தாதியர் பயிற்சி, வங்கி வேலை, தொழிற்பயிற்சி நிலையம் என்று எத்தனையோ விளம்பரங்களை என் கையால் ஒட்டியிருக்கிறேன். பொலிஸ் ஆட்சேர்ப்பு விளம்பரம் ஒன்று தமிழில் எம்மைத் தேடி வந்ததில்லை.

மாற்றலாகிப் போன சார்ஜன்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தெற்கைச் சேர்ந்த சிங்களவர். கிழக்கில் கடமையாற்றிய காலத்தில் தமிழ் படித்தவர். ளகரமும் ழகரமும் அவருக்கு ஒன்றுதான், அதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. எழுதி முடித்ததும் புத்தகத்தை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி, விரலால் வரி வரியாகக் காட்டி வாசிப்பார். எதுவும் விடுபட்டதா என்று கேட்பார். சொன்னால் ஓரத்தில் சேர்த்துவிட்டு அதற்கும் ஒப்பம் வாங்குவார். அவர் விடுமுறையில் போகும் நாட்களைத் தோட்டத்து மக்கள் விசாரித்து வைத்துக்கொள்வார்கள். ஓய்வு நாளிலும் அவரைத்தான் அழைப்பார்கள் என்பதால் அவர் களைத்துப்போயிருந்தார், இடமாற்றத்தை அவரே கேட்டிருந்தாலும் அதில் நியாயம் உண்டு. ஒருவர் செய்த வேலைக்கு நால்வர் தேவை என்பதைத்தான் அந்தக் களைப்பு காட்டியது. தலைமையகம் இருந்த ஒருவரையும் எடுத்துக்கொண்டது.

நான் கேட்பவை இவை.

தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய கடைசி உத்தியோகத்தர் ஒரு நிலையத்திலிருந்து இடமாற்றம் பெறும்போது, அவருக்குப் பதிலானவர் வந்து கடமையேற்கும் வரை அந்த இடமாற்றம் நடைமுறைக்கு வரக்கூடாது என்று கட்டளையிடுங்கள். இடமாற்றங்கள் தொடர்பில் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு உள்ள அதிகாரத்தை அறிவேன். இம்மடலின் பிரதி அவர்களுக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் போகிறது.

எந்தச் சூழ்நிலையிலும் பிள்ளைகளையோ எதிராளியின் உறவினரையோ மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக்கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். வேறு எவராவது மொழிபெயர்த்தால் அவருடைய பெயரும் முகவரியும் ஒப்பமும் தகவல் புத்தகத்தில் இருக்க வேண்டும். பெண்களினதும் சிறுவர்களினதும் முறைப்பாடுகளை ஏற்கும் பிரிவுகளில் இது இன்றே தொடங்க வேண்டும். மற்றவற்றுக்கு வேண்டுமானால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

109ஆம் பிரிவு தரும் உரிமையை, உங்கள் முறைப்பாட்டை நீங்களே தமிழில் எழுதித் தரலாம் என்று, ஒவ்வொரு முறைப்பாட்டு மேசையிலும் எழுத்துப் பிழையில்லாத தமிழில் எழுதி வையுங்கள். பக்கத்தில் தாளும் பேனாவும் இருக்கட்டும். தமிழில் வாசித்துக் காட்டப்படாத எந்த வாக்குமூலத்திலும் வாசித்து விளக்கப்பட்டது என்ற வரி இடம்பெறக்கூடாது. இடம்பெற்றால் நிலையப் பொறுப்பதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

ஆளில்லாத நிலையங்கள் இரவிலும் பகலிலும் தொலைபேசியில் அழைக்கக்கூடிய மொழிபெயர்ப்பாளர் பிரிவு ஒன்றை மாகாண மட்டத்திலாவது அமையுங்கள். நிலையத்துக்கு நிலையம், கடமை நேரத்துக்குக் கடமை நேரம், தமிழில் எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் ஒவ்வொருவராக விண்ணப்பித்துப் பெறும் வரை காத்திருக்க வேண்டாம்.

பிள்ளைகள் மூலமாகவும் வழிப்போக்கர் மூலமாகவும் ஏற்கெனவே பதியப்பட்ட முறைப்பாடுகளில், கேட்பவர்களுக்கு மேலதிக வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க இடமளியுங்கள். அந்தத் தாய் அதற்காக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். நிலையத்தின் பெயரும் அவருடைய முறைப்பாட்டு இலக்கமும் அடங்கிய கடிதத்தைத் தங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். அந்த நிலையத்தின் வெற்றிடத்தை நிரப்பும் திகதியைக் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள், தமிழில்.

இப்படிக்கு,
மலையகப் பாடசாலை ஆசிரியை ஒருவர்